ஈரோட்டை நடந்தே சுத்திப் பாக்கலாமுங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஈரோடுன்னா ஜங்ஷன்ல வண்டி மாறுற ஊரு, இல்லாட்டி கல்யாணத்துக்கு மொத்தமா ஜவுளி எடுக்க வர்ற ஊரு, அவ்வளவுதான்னு வெளியூர்க்காரங்க பல பேரு நெனச்சுட்டு இருக்காங்க, நம்ம ஊர்க்காரங்களே கூட அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அது நெம்ப வருத்தம். ஒரு நாள் ஒதுக்கி நடந்து பாத்தா இந்த ஊரு எவ்வளவு பழசு, எத்தன பெரிய ஆளுங்க இந்த வீதியில நடந்திருக்காங்கன்னு புரியும். ஒறம்பரைங்க, ஃபிரண்ட்ஸ், வாட்ஸ்அப்ல தெரியாதவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளுக்கு இங்கயே ஒரே எடத்துல பதில் எழுதிடறேன்.

ஈரோட்ல அப்படி என்னதாங்க இருக்குது பாக்கறதுக்கு?

மதுரை, தஞ்சாவூர் மாதிரி பெரிய கோபுரத்தைத் தேடி வராதீங்க, இங்க பாக்க வேண்டியது வேற. 13ஆம் நூற்றாண்டுல வெட்டுன வாய்க்கால் இன்னைக்கும் ஊரை ஒட்டி ஓடுது, அதுல இன்னைக்கும் வயல் பாயுது. பாரதியார் கடைசியா பொதுக்கூட்டத்துல பேசுன ஊரு. பெரியார் பொறந்து வளந்த ஊரு, கணித மேதை ராமானுஜன் பொறந்த ஊரு. மஞ்சளுக்கும் ஜவுளிக்கும் நாடு பூரா இருந்து ஆளுங்க வர்ற சந்தை. இது அத்தனையும் நடக்குற தூரத்துக்குள்ள இருக்குது, அதுவும் முக்கால்வாசி இன்னும் ஓடிட்டு இருக்கற விஷயங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சது இல்ல. அதனாலதான் கார்ல போனா ஒண்ணும் தெரியாது, நடந்தாதான் தெரியும்னு சொல்றேன்.

எங்க ஆரம்பிக்கறது? எவ்வளவு தூரம் நடக்கணும்?

ஜங்ஷன்ல ஆரம்பிங்க. சென்னையில இருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வந்தீங்கன்னா விடியக்காலையில எறக்கி விட்டுரும், அது நடக்கறதுக்கு அருமையான நேரம். ரயில் இந்த ஊருக்கு வந்தது 1862ல, ஊரோட வளர்ச்சியில பாதி அதால வந்ததுதான். வெளிய வந்து காளைமாட்டு சிலை, அங்கிருந்து காந்திஜி ரோடு புடிச்சு பன்னீர்செல்வம் பார்க், அக்கட்டால மணிக்கூண்டு, கோட்டை வீதிங்க, அப்புறம் காவேரி ரோடு வழியா கருங்கல்பாளையம், கடைசியா காவிரிப் பாலம். தெக்கால இருந்து வடக்கால ஒரே போக்கா போயிரலாம். சந்து பொந்து எல்லாம் சேத்தா 7, 8 கிலோமீட்டர் வரும், நடுவுல உக்காந்து சாப்பிட்டு ரெஸ்ட் எடுத்துப் போனா பொழுதோட ஆத்தங்கரைக்கு வந்துரலாம்.

கோட்டை, கோட்டைங்கறாங்க, கோட்டை எங்கீங்க?

கோட்டை இப்ப இல்லீங்க, பேரு மட்டும்தான் இருக்குது. மண் கோட்டைதான் அது. 1800ல பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கும்பினிக்காக இந்தப் பக்கமெல்லாம் சுத்தி எழுதி வெச்சாரு, அதுல ஈரோடு பத்தி வருது. ஹைதர் அலி காலத்துல கோட்டைக்கு வெளிய 3000 வீடு இருந்துதாம், திப்பு காலத்துல அது மூணுல ஒரு பங்கா கொறஞ்சு போச்சாம், அப்புறம் இங்கிலீஷ்கார ஜெனரல் மெடோஸ் படையெடுத்து வந்தப்ப அதுவும் சுத்தமா அழிஞ்சு, புக்கானன் வந்து பாக்கறப்ப 400 வீடுதான் திரும்ப எந்திரிச்சிருந்துதாம். மைசூருக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் நடுவுல மாட்டிட்டு நம்ம ஜனங்க என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு அந்த 3000, 400ங்கற ரெண்டு நம்பர்லயே தெரிஞ்சு போயிருது. அதுக்கப்புறம் 1877 தாது வருசப் பஞ்சத்தப்ப, சனங்களுக்கு வேலை குடுக்கறதுக்காக மிச்சம் இருந்த கோட்டையையும் இடிச்சு சமப்படுத்திட்டாங்க. பசிக்கு கூலியா போன கோட்டைங்க அது, அங்க நடக்கறப்ப எனக்கு எப்பவும் அந்த நெனப்புதான் வரும்.

கோட்டை போனாலும் அதுக்குள்ள இருந்த ரெண்டு கோயிலு நிக்குது. ஒண்ணு கோட்டை ஈஸ்வரன், ஆருத்ர கபாலீஸ்வரர்னு பேரு, அம்மன் வாருணாம்பிகை. இன்னொண்ணு கோட்டைப் பெருமாள், கஸ்தூரி அரங்கநாதர், பள்ளிகொண்ட கோலம். ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷ நடைதான். மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதனால காலையிலயே பாத்துருங்க. ஈஸ்வரன் கோயில் வீதி பூரா இப்ப கடைதான், ஆனா கடை தெறக்கறதுக்கு முன்னாடி வெள்ளென போனீங்கன்னா பழைய வீட்டுத் திண்ணை, மரத்தூணு, ஓட்டுக் கூரைன்னு அங்கங்க ஒண்ணு ரெண்டு இன்னும் தட்டுப்படும், தலையத் தூக்கி மாடியப் பாத்துட்டே நடங்க.

ராமானுஜன் பொறந்த வீட்டைப் பாக்க முடியுமுங்களா?

1887 டிசம்பர் 22ஆம் தேதி கோட்டைப் பக்கத்து பழைய வீதியில அவங்க அம்மாவைப் பெத்த பாட்டி வீட்லதான் பொறந்தாரு. அம்மா கோமளத்தம்மாளோட அப்பா இங்க முன்சீப் கோர்ட்ல அமீனா இருந்தவரு. கொழந்தையிலயே கும்பகோணம் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அதனால ஊரு பேரு பூரா கும்பகோணத்துக்குப் போயிருச்சு. மியூசியம் மாதிரி ஒண்ணை எதிர்பாத்து தேடாதீங்க, ஜனங்க குடியிருக்கற வீதி அது, வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறது கதவைத் தட்டறதெல்லாம் வேண்டாமுங்க. அந்த வீதியில ஒரு நட நடந்தா போதும். இவ்வளவு பெரிய மனுசனுக்கு பொறந்த ஊர்ல ஒரு நல்ல கணிதக் காட்சிக்கூடம் வேணும்ங்கறது என்னோட ரொம்ப நாள் ஆசை, பள்ளிக்கூடப் புள்ளைங்க வந்து தொட்டுப் பாத்து கத்துக்கற மாதிரி.

பெரியார் வீடு?

கண்டிப்பா போங்க, பெரியார் வீதியில இருக்குது, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பெரியார் அண்ணா நினைவகம்னு அரசாங்கம் வெச்சு நடத்துது. அண்ணா பேரும் சேந்து ஏன்னு கேப்பீங்க, விடுதலை பத்திரிகையில வேலை பாத்தப்ப அண்ணா குடியிருந்தது இங்கதான்.

பெரியார் 1879 செப்டம்பர் 17ல பொறந்தவரு, பெரிய மண்டிக்காரக் குடும்பம். ஈரோடு நகராட்சிக்கு சேர்மனா இருந்து ஊருக்கு குழாய்த் தண்ணி கொண்டு வர்ற வேலைய செஞ்சவரு. கள்ளுக்கடை மறியல் வந்தப்ப சொந்தத் தோப்புல இருந்த 500க்கும் மேல தென்னை மரத்தை வெட்டிச் சாய்ச்சாரு. அதே 1921 மறியல்ல அவரு சம்சாரம் நாகம்மையும் தங்கச்சி கண்ணம்மாளும் ரோட்டுக்கு வந்து நின்னாங்க, அந்தக் காலத்துல வசதியான வீட்டுப் பொம்பளைங்க கள்ளுக்கடை வாசல்ல போய் நிக்கறதுன்னா சும்மா இல்லீங்க. 1925 மே 2ல குடி அரசு பத்திரிகை ஆரம்பிச்சதும் இங்கதான். அவரு கொள்கை உங்களுக்கு புடிக்குதோ புடிக்கலையோ, போன நூற்றாண்டுத் தமிழ்நாட்டு அரசியலப் புரிஞ்சுக்கணும்னா இந்த வீட்டுக்குள்ள ஒரு அரை மணி நேரம் நின்னு போட்டோவெல்லாம் பொறுமையா பாக்கோணும். 1979ல கோயமுத்தூர்ல இருந்து பிரிச்சப்ப இந்த மாவட்டத்துக்கே பெரியார் மாவட்டம்னுதான் மொதல்ல பேரு வெச்சாங்க. பத்து மணிக்கு மேல போங்க.

ப்ரப் ரோட்ல என்ன விசேஷம்?

இப்ப அதுக்கு மீனாட்சி சுந்தரனார் சாலைன்னு பேரு, ஆனா ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் ப்ரப் ரோடுதான். ப்ரப்ங்கறவரு லண்டன் மிஷன்ல இருந்து வந்த ஆஸ்திரேலியப் பாதிரியார், அவரு பேர்ல இருக்கற சர்ச் இந்த ரோட்லதான், பக்கத்துலயே பெரிய மாரியம்மன் கோயிலு. பங்குனி மாச நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு வந்து பாருங்க, பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூணு கோயிலுக்கும் ஒண்ணா பூச்சாட்டி கம்பம் நடுவாங்க, காரைவாய்க்கால்ல குண்டம் எறங்குவாங்க, அதாவது தீ மிதிப்பாங்க. நெதமும் பொம்பளைங்க மஞ்சத் தண்ணியும் வேப்பிலையும் கொண்டாந்து கம்பத்துக்கு ஊத்தறதும், ராத்திரி அதைச் சுத்தி ஆடறதும் நடக்கும். கடைசி நாள் கம்பத்தைப் புடுங்கி ஊர்வலமா எடுத்துட்டுப் போறப்ப மாடியில இருந்தெல்லாம் உப்பும் மிளகும் வீசுவாங்க, ஊரே மஞ்சத் தண்ணியில நனைஞ்சு மஞ்சளா நிக்கும். வெயில் கொளுத்தும்தான், ஆனா இந்த ஊரோட உசுரு தெரியோணும்னா அந்த நாளுதான்.

எந்தக் கிழமை வந்தா நல்லது?

நீங்க எதைப் பாக்கோணும்னு பொறுத்துது. ஜவுளிச் சந்தைன்னா திங்கக்கெழமை ராத்திரியில ஆரம்பிச்சு செவ்வாக்கெழமை, பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட். பழைய கடைங்கள இடிச்சுட்டு இப்ப பெரிய வளாகமா கட்டிட்டாங்க. லுங்கி, துண்டு, வேட்டி, நைட்டி, பெட்ஷீட்டுன்னு கேரளா, ஆந்திரா, கர்நாடகாவுல இருந்தெல்லாம் வியாபாரிங்க ராத்திரியே வந்து எறங்கிருவாங்க. மொத்த வியாபாரம்கறதால ஒத்தை ஒத்தையா கேட்டா சில கடையில குடுக்க மாட்டாங்க, கோச்சுக்காதீங்க. பவானி ஜமுக்காளம், சென்னிமலை பெட்ஷீட் இது ரெண்டும் இங்கயே கெடைக்கும், ஆனா ஜமுக்காளம்னு பவர்லூம் துணியையும் குடுக்கறாங்க, கைத்தறிதானான்னு கேட்டு வாங்குங்க, நெய்யறவங்க கைக்கு அந்தக் காசு போகோணும்.

மாட்டுச் சந்தைன்னா வியாழக்கெழமை, கருங்கல்பாளையம். புதன்கெழமை பொழுதோடயே லாரி லாரியா மாடு வர ஆரம்பிச்சிரும். விடியக்காலையில போனா வெலை பேசறதப் பாக்கலாம், வாங்கறவரும் விக்கறவரும் துண்டுக்கு அடியில கைய விட்டு வெரலப் புடிச்சே பேசிக்குவாங்க, வாயில ஒரு வார்த்தை வராது, சுத்தி நிக்கற யாருக்கும் என்ன வெலைன்னு தெரியாது, மூஞ்சியப் பாத்து நாமளா ஊகிச்சுக்கோணும்.

என்னைக் கேட்டா வியாழக்கெழமை வாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் வேண்டாம், மண்டி எல்லாம் பூட்டிக் கெடக்கும்.

மஞ்சள் மண்டிக்குள்ள வெளியாளுங்கள விடுவாங்களா?

வாசல்ல இருக்கறவர்கிட்ட, அண்ணா, சும்மா பாத்துட்டுப் போயிர்றோமுங்கன்னு மரியாதையா கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. ஏலம் நடக்கறப்ப குறுக்க போய் செல்ஃபி எடுக்காதீங்க, அங்க ஒரு விவசாயியோட ஒரு வருச உழைப்புக்கு வெலை முடிவாகிட்டு இருக்கும். தையில இருந்து பங்குனி, சித்திரை வரைக்கும் புது மஞ்சள் வரத்து. சாம்பிள்ள இருந்து ஒரு விரலிய, அதாவது வெரல் மாதிரி நீளமா இருக்கற மஞ்சளை எடுத்து வியாபாரி ரெண்டு கையிலயும் புடிச்சு ஒடிப்பாரு, நல்லா காஞ்சிருந்தா டக்குனு சத்தம் வரும், வளையக் கூடாது. ஒடிஞ்ச எடத்துல உள் நெறத்தைப் பாப்பாரு, அடர்த்தியா குங்கும நெறம் தட்டுனா வெலை ஏறும். விரலி, கிழங்குன்னு ரெண்டுக்கும் தனித்தனி வெலை. ஈரோடு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுது. மண்டியில இருந்து வெளிய வந்தப்புறம் துணியில, மூக்குல அந்த வாசம் பொழுதுக்கும் இருக்கும்.

காலிங்கராயன் வாய்க்கால்னு சொல்றீங்களே, வாய்க்கால்ல பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?

இந்தக் கேள்விய யாரு கேட்டாலும் நான் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லுவேன்.

பவானி ஆறு காவிரியில கலக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு அணையக் கட்டித் தண்ணியத் திருப்பி, அங்கிருந்து ஈரோடு வழியா கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரைக்கும் கொண்டு போயி நொய்யல்ல சேத்திருக்காங்க. 90 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில, பாண்டியர் ஆட்சிக்குக் கீழ கொங்குல தலைவனா இருந்த காலிங்கராயன் வெட்டுனது. ஜேசிபி இல்ல, சர்வே மிஷின் இல்ல. 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல இன்னைக்கும் இதுல பாயுது, மஞ்சளும் நெல்லும் கரும்பும் வாழையும். ஈரோடு மஞ்சளுக்குப் பேரு வந்ததுக்கு அடிப்படையே இந்தத் தண்ணிதான்.

பாலத்துல நின்னு பாத்தா நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு போறது தெரியும். பாம்பு முன்னாடி போயி வழி காட்டுச்சு, அது போன தடத்துலயே வெட்டுனாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நெசக் காரணம் நெலத்தோட மட்டம். மேட்டை ஒடைக்காம, பள்ளத்துல வேகமா எறங்காம, ஒரே சீரா கொஞ்சங் கொஞ்சமா எறங்கற மாதிரி மட்டம் புடிச்சுட்டே போயிருக்காங்க, அப்பத்தான் தண்ணி தானா ஓடி கடைமடை வரைக்கும் போகும், கரையும் அரிக்காது. 90 கிலோமீட்டருக்கு அந்த மட்டத்தைக் கண்ணாலயும் அனுபவத்தாலயும் புடிச்ச மனுசங்க யாருன்னு ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது. வெட்டுனவரே தன் வம்சத்துல யாரும் இந்த வாய்க்கால் தண்ணியில பலன் அனுபவிக்க மாட்டோம்னு சொல்லிட்டு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடி போயிட்டாருன்னு ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க. வருசா வருசம் தை 5ஆம் தேதி காலிங்கராயன் நாளு கொண்டாடறாங்க.

டவுனுக்குள்ள வர்ற எடத்துல சாக்கடையும் சாயத் தண்ணியும் கலந்து பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, குப்பையும் கெடக்குது. அதையும் சேத்துத்தான் பாருங்க. 700 வருசத்துக்கு மேல சோறு போட்ட தண்ணியில பாலித்தீன் பையக் கட்டி எறியறதப் பாத்தா மனசு பதறுது. ஊரைத் தாண்டி வெண்டிபாளையம் பக்கம் போனா கரை பச்சையா நல்லா இருக்கும்.

பாரதியார் ஈரோடு வந்தாருங்களா?

வந்தாரு, 1921 ஜூலை கடைசியில. கருங்கல்பாளையத்துல ஒரு வாசகசாலை, அதோட ஆண்டு விழாவுக்கு வக்கீல் தங்கபெருமாள் பிள்ளை கூப்பிட்டு வந்தாரு. ஜூலை 31ல "மனிதனுக்கு மரணமில்லை"ங்கற தலைப்புல பேசுனாரு, அடுத்த நாள் இந்தியாவோட எதிர்காலத்தைப் பத்தி இன்னொரு கூட்டம். மெட்ராஸ் திரும்பிப் போயி இந்த ஈரோடு யாத்திரைய சுதேசமித்திரன்ல எழுதுனாரு, ஸ்டேஷன்ல இருந்து கருங்கல்பாளையம் வரைக்கும் மாட்டு வண்டியில வந்த பாட்டையும் எழுதியிருக்காரு. செப்டம்பர்ல போய்ச் சேந்துட்டாரு. அதாவது அந்தத் தலைப்புல பேசி ரெண்டு மாசம் கூட முழுசா ஆகல.

வாசகசாலை இப்ப நூலகமா இருக்குது. பெரிய கட்டடம்னு எதிர்பாக்காதீங்க, உள்ள போயி ஒரு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு வாங்க, அங்க தெனமும் பேப்பர் படிக்கற பெரியவர் யாராவது இருந்தா பேச்சுக் குடுங்க. ஸ்டேஷன்ல இருந்து நீங்க நடந்து வந்ததும் ஏறக்குறைய அவரு வண்டியில வந்த அதே போக்குதான்.

சாப்பாடு?

காலையில சந்தகையும் (இடியாப்பம் மாதிரி இருக்கும்) தேங்காப்பாலும் கெடச்சா விடாதீங்க. மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம் நெய் ஊத்தி, இல்லாட்டி மெஸ்ல கொங்குச் சாப்பாடு. கறி சாப்பிடறவங்க பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்க, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊருதான் பள்ளிபாளையம். சின்ன வெங்காயம், வெதை எடுத்த வரமொளகா, தேங்காப் பல்லு, மஞ்சத்தூளு, உப்பு, எண்ணெய் அவ்வளவுதான், மசாலாப்பொடி கெடையாது. மசாலா போட்டு செவக்கச் செவக்க கொண்டாந்து வெச்சாங்கன்னா அது பள்ளிபாளையம் சிக்கன் இல்லீங்க. நடக்கறப்ப தாகத்துக்கு கரும்புப்பால், எளநீ. பொழுதோட தள்ளுவண்டியில தட்டுவடை செட்.

வெயில் தாங்குமா? பெரியவங்க, கொழந்தைங்கள கூட்டிட்டு வரலாமா? பொம்பளைங்க தனியா வரலாமா?

கார்த்திகையில இருந்து தை வரைக்கும் சொகமா இருக்கும். சித்திரை வைகாசியில 40 டிகிரியத் தொடும், அப்ப வந்தா காலையில 6ல இருந்து 10 வரைக்கும், அப்புறம் 4 மணிக்கு மேல, நடுவுல ரூம்ல படுத்துக்கோங்க. பெரியவங்க இருந்தா ஜங்ஷன்ல இருந்து பார்க் வரைக்கும் டவுன் பஸ், பார்க்ல இருந்து கோட்டை வரைக்கும் நடை, கருங்கல்பாளையத்துக்கு மறுபடி பஸ். நடைபாதைன்னு தனியா பெருசா இல்ல, கடைக்காரங்க சாமான் பாதி எடத்தைப் புடிச்சிருக்கும், ஸ்ட்ரோலர் தள்ள முடியாது. பாத்ரூம்தான் நெசமான கஷ்டம், பொம்பளைங்களுக்கு இன்னும் கஷ்டம், ஓட்டல்ல சாப்பிடறப்பவே போயிக்கோங்க. மத்தபடி பகல்ல தனியா நடக்கறதுக்கு பயமே வேண்டாம், கடைவீதி பூரா ஜனம், வழி கேட்டா அம்மிணி இப்படிப் போங்கன்னு கூடவே நாலு அடி வந்து காட்டிட்டுப் போவாங்க. ராத்திரி ஆத்தங்கரைப் பக்கம் மட்டும் தனியா வேண்டாம்.

இன்னொரு நாள் இருந்தா?

பவானிக்கு பஸ் ஏறுங்க, 15 கிலோமீட்டர், பஸ் ஸ்டாண்டுல இருந்து வந்துட்டே இருக்கும். ஆறுங்க சேர்ற கூடுதுறையில சங்கமேஸ்வரரப் பாத்துட்டு காலிங்கராயன் அணைக்கட்டுக்குப் போங்க, வாய்க்கால் தொடங்கற தலைமடை அங்கதான். பறவை புடிக்கும்னா வெள்ளோடு சரணாலயம், உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல 2022ல சேத்துட்டாங்க, அதுக்கு கார்த்திகை, மார்கழியில வெள்ளென போகோணும். கொடுமுடின்னா கரூர் போற ரயில்லயே போயிரலாம். மூணையும் ஒரே நாள்ல முடிக்கறேன்னு கெளம்பாதீங்க, பவானி மட்டும் வெச்சுக்கோங்க.